குனியாத முதுகு

வேலை கிடைத்தவன் அழுதான். நியமன ஆணையில் கையெழுத்திட்ட பேனாவைக் கீழே வைக்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

பெல்கிஸா செம்புக் குடுவையிலிருந்து காப்பியை ஊற்றி அவன் முன்னால் நகர்த்தினாள். அரசு நிலக்கரிச் சுரங்கத்தின் பணியாளர் பிரிவில் பயிற்சிக்காரியின் கடமைகள் அவைதாம்: கோப்புகளைத் தூசு தட்டுவது, முத்திரை குத்துவது, அழுகிறவர்களுக்குக் காப்பி ஊற்றுவது.

குளிர்காலத்தில் அவன் தந்தையைச் சுரங்கம் விழுங்கியது. தந்தையை விழுங்கினால் பிள்ளைக்கு வேலை கொடுப்பது அங்கே வழக்கம். அதற்குக் கருணை என்று பெயர் சூட்டியிருந்தார்கள்!

அவன் போனதும் மூத்த எழுத்தர் முனெவெரா மூக்கைச் சிந்தினாள். "நான் ஓய்வு பெறுற நாள் அதுவுமா இப்படியா விடியணும்? சரி, உனக்கும் இன்னியோட பயிற்சி முடியுது. என் நாற்காலி யாருக்குன்னு கேட்டியா?"

"கவுன்சிலரோட தங்கச்சி பொண்ணுக்காம், அத்தை."

"அவளுக்கா? கோப்பை அகர வரிசையில அடுக்கச் சொன்னா நிற வரிசையில அடுக்குவாளே!"

"கட்சி அட்டை வெச்சிருக்கா. போதாதா?"

"போஸ்னியா முழுக்க இதே பாட்டுதான் போ" என்றாள் முனெவெரா.

உண்மைதான். படித்தவளின் சான்றிதழ் கதவைத் தட்டி நிற்கும். கட்சிக்காரியின் அட்டையோ கதவையே கழற்றி உள்ளே போகும். ஆட்சிகள் வந்தன, போயின. அட்டையின் நிறம் மாறியது, அட்டை மாறவில்லை.

சுரங்கத்தில் மதிய முறை வேலை தொடங்குமுன் சன்னலில் ஒரு தலை தெரிந்தது. அவள் தந்தை ராகிப். கக்கத்தில் தலைக்கவசம், கையில் உருளைக்கிழங்கு அடைத்த ரொட்டிப் பொட்டலம்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பாடு கிடக்கட்டும். கட்சி ஆபீசுக்குப் போனீங்களா அப்பா?"

"போகல."

"ஒரே ஒரு கையெழுத்துப்பா! நீங்க சேர்ந்தா குழியில இருக்கிற மத்தவங்களும் சேருவாங்கன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு. சேர்ந்தீங்கன்னா அந்த நாற்காலி எனக்கு. சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்."

"பூமிக்கு அடியில குனியறது பொழப்பும்மா. மேலே வந்தும் குனியணுமா?"

"அப்ப நிமிர்ந்தே இருங்க! நான் நாளைக்கே ஜெர்மனிக்கு பஸ் ஏறறேன். எந்த ஊர்க் கிழவிக்கோ கால் கழுவி விடறேன். அப்பவும் உங்க முதுகு நேராவே இருக்கட்டும்!"

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பொட்டலத்தைச் சன்னல் விளிம்பில் வைத்தார். "ஆறிடப் போகுது, சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

முற்றத்தைக் கடந்தவர் நடுவில் நின்றார். சாலைக்கு அப்பால் கொடி கட்டியிருந்த கட்சி அலுவலகத்தையே நெடுநேரம் பார்த்தார். அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பதைப் பார்ப்பதற்குள் தொலைபேசி மணி பெல்கிஸாவை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிற்பகலில் மழை பிடித்தது. பக்கத்து உணவுக்கூடத்தில் பாடிக்கொண்டிருந்த வானொலி பாதிப் பாட்டில் நின்றது. "என்னன்னு பாத்துட்டு வரேன்" என்று எழுந்துபோன முனெவெரா திரும்பவில்லை.

மின்சாரம் போயிருக்கும் என்று எண்ணிய பெல்கிஸா தன் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினாள். ஒரு சீப்பு, ஒரு கோப்பை, நாளை முதல் எவருக்கும் தேவைப்படாத தன் பெயர்ப் பட்டை.

கதவு திறந்தது. பிரிவுத் தலைவர் ஸியாத், மழையில் நனைந்து நின்றார். பயிற்சிக்காரியின் மேசையைத் தேடி ஒருநாளும் வந்தறியாத மனிதர்.

"பெல்கிஸா, உனக்கு வேலை உறுதி." அவர் அவளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துப் பேசினார். "நிரந்தரம். எந்தக் கவுன்சிலரும் இனிமே உன்னை அசைக்க முடியாது."

அவள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். முதலில் மகிழ்ச்சி பொங்கியது. அதன் பின்னாலேயே வெட்கம் வந்து அதை மூழ்கடித்தது. கரி படிந்த அப்பாவின் பெரிய கை கட்சிக்காரன் மேசைமீது கையெழுத்திடுவதும், சுற்றி நின்றவர்கள் கண்ணடித்துச் சிரிப்பதும் அவள் கண்முன் தோன்றின.

பிள்ளையின் சோற்றுக்காகத் தந்தையின் முதுகெலும்பை விலை கேட்கும் நாடு நாடா? கேட்டது நாடு மட்டுமா? அவளும் அல்லவா கேட்டாள்!

"எனக்கு இந்த வேலை வேண்டாம் ஐயா" என்றாள். "அந்த அட்டையை அவங்க மூஞ்சியிலயே வீசிட்டு வரச் சொல்லுங்க அப்பாவை. நான் எங்கேயாவது போய்ப் பொழைச்சுக்கறேன். எனக்காக அவர் யார்கிட்டயும் குனிய வேண்டாம்."

ஸியாத் நனைந்த தொப்பியை மெல்லக் கழற்றினார்.

"அவர் யார்கிட்டயும் போகல மகளே... இப்பத்தான் குழியிலேருந்து அவரைத் தூக்கிட்டு வந்தாங்க."