சத்தம் போடாத கிரைண்டர்

தவிலை எடுத்துவிட்டாள்.

அடுத்தது நாதஸ்வரம். அதுவும் போயிற்று.

புல்லாங்குழல் ஒன்று மிச்சம் இருந்தது. நல்ல வாசிப்பு, பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழித்தாள்.

திரையில் ஒரு சமையலறை. மூடி போட்டபடி கிரைண்டர் ஓடுகிறது. பக்கத்தில் பாயில் குழந்தை தூங்குகிறது. கொஞ்ச நேரம் எதுவுமே அசையாது. பிறகு ஒருத்தி வந்து உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறாள். அவ்வளவுதான் விளம்பரம். இப்போது அதற்கு இசையே கிடையாது.

அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

சத்தமே கேட்காத கிரைண்டர் என்று சொல்லி விற்கப் போகிறார்கள். அதற்குப் போய் யாராவது தவில் அடிப்பார்களா? அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோயமுத்தூரில் கிரைண்டர் விளம்பரம் என்றால் கல்யாண வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ.

சரி. சத்தம் இல்லை என்பதை எப்படிக் கேட்க வைப்பது?

கிரைண்டர் ஓடும்போது வீட்டில் எதெல்லாம் காதில் விழாதோ, அதெல்லாம் விழ வேண்டும்.

சுவர்க்கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே அணில். வெங்காயத் தோல். குழந்தையின் மூச்சு.

ஒலிப்பதிவு செய்வது சகாயம். ஒரு கூடை வெங்காயத்தை மைக்குக்கு முன்னால் உரித்துவிட்டு, காலையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். குழந்தையின் மூச்சுக்கு முதலில் தானே மூச்சுவிட்டுக் காட்டினான். லாரி டிரைவர் தூங்குவது போல் இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் மகளின் தூக்கத்தைப் பதிந்துகொண்டு வந்தான்.

கல் சுற்றுகிற மெல்லிய முனகலை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். அதையும் எடுத்தால் பொய்யாகிவிடும்.

ஆயிற்று. பேசுகிற குரல்தான் பாக்கி.

கடைசியில் யாராவது ஒரு வரி சொல்லியாக வேண்டும். எழுதி எழுதிப் பார்த்தாள். 'அமைதியான அடுப்படி, ஆனந்தமான குடும்பம்.' சீ. 'மௌனமாய் அரைபடும் மாவு.' இதற்குத் தவிலே தேவலை. எதை வைத்தாலும் அது நடுவீட்டில் வந்து நின்று கத்தியது.

அவளை நம்பிக் கொடுத்த முதல் விளம்பரம் இது. கிரைண்டர் கம்பெனி முதலாளி ஆறுச்சாமி வந்து பார்க்க வேண்டும். அவர் தலையசைத்தால் அவள் செய்தது டி.வி.க்குப் போகும். இல்லையென்றால் தவில் வைத்ததுதான் என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டிருந்ததும் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பாட்டு.

வரி கிடைப்பதற்குள் ஆள் வந்துவிட்டார்.

வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். சகாயத்தின் சிவந்த கண்ணைப் பார்த்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று பதறிப்போய் விசாரித்தார்.

அவள் படத்தை ஓடவிட்டாள்.

ஆறுச்சாமி பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முன்னால் சாய்ந்தார். கிரைண்டர் அப்படியே இருந்தது. குழந்தை அப்படியே இருந்தது. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாதே என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது.

அவர் கேட்டது படம் ஓடுகிறதா என்று. ஆனால் கிரைண்டரையும் அப்படித்தானே கேட்பார்கள்? அடுப்படிக்குள் வராமல், வெளியிலிருந்தபடியே, சத்தத்தைக் காணோமே என்று?

எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்தது. படத்தை நிறுத்தினாள். அதே கேள்வியை மைக்கில் ஒருதரம் கேளுங்கள், 'அம்மிணி'யை மட்டும் விட்டுவிடுங்கள், பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு எப்போது வரும் என்றார். பாட்டே இல்லை என்றாள். முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு கேட்கிறதே என்று பதிவறைக்குள் போனார்.

மைக்கைப் பார்த்ததும் மனிதர் மாறிவிட்டார். சட்டையை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார்.

"இயந்திரம் இயங்குகின்றதா?"

கட்டடமே அதிர்ந்தது. சகாயம் மேசைக்கு அடியில் எதையோ தேடப் போனான்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். வீட்டில் கேட்பது போல் கேட்டால் போதும். படத்தை முதலிலிருந்து போடுகிறேன், பார்த்துக்கொண்டே இருங்கள், நான் கை காட்டும்போது கேளுங்கள் என்றாள். சரி என்று தலையாட்டினார். பிடிக்காமல்தான் ஆட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

கடிகாரம். அணில்.

ஆறுச்சாமி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயத் தோல் வந்தபோது ஹெட்போன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

குழந்தை மூச்சுவிட்டது.

கை காட்டினாள்.

அவர் பேசவில்லை.

இன்னொரு தரம், நன்றாகத் தெரிகிற மாதிரி, கையை உயர்த்திக் காட்டினாள். ஆறுச்சாமி கண்ணை மூடியிருந்தார்.

போச்சு. பிடிக்கவில்லை. தவில்தான்.

படம் முடிந்து திரை இருண்டது. அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போல் விழித்தார். அப்புறம்தான் மைக்கைக் கவனித்தார், அவளைக் கவனித்தார்.

"மறுக்கா போடுங்க அம்மிணி. கேட்டுட்டே இருந்துட்டனுங்க."