சிரித்த முகமாக ஒரு படம்

முகத்துக்கு நேரே நீட்டிய செல்போனில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

கையில் பென்சில் பெட்டி. காதில் கம்மல். முதுகுக்குப் பின்னால் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி, அதில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர்.

படத்துக்குக் கீழே சுமித்ரா என்று போட்டிருந்தது. வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங் செய்து மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கும் சுமித்ரா.

அவள் பெயர் இசக்கியம்மாள். சம்பாதித்தது ஒரு பைசா இல்லை.

அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். போனை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவளின் கை அதற்குள் அவள் கொண்டையைப் பிடித்துவிட்டது.

“ஏட்டி, இந்தச் சிரிப்பப் பாத்துல்லா நான் கம்மல அடகு வச்சேன்.”

தெரு கூடிவிட்டது. அடுத்தவள் கொண்டை அவிழ்கிறது என்றால் இந்தத் தெருவில் கொதிக்கிற உலையையும் இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். எதிர்வீட்டுச் செல்லக்கனி, தனக்கு அப்போதே தெரியும் என்றாள். என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

வந்தவள் மூச்சு விடாமல் கத்தினாள். பதிவுக்கு என்று கட்டினாளாம். லாரி வாடகைக்கு என்று கட்டினாளாம். பென்சில் மூட்டை வரவே இல்லையாம். வேலை தருவதாகப் பேசியவன் இப்போது போனை எடுப்பதே இல்லையாம்.

அவனுடைய நம்பருக்கு முகம் கிடையாது. இந்தப் படத்துக்கு இருந்தது. தொட்டியில் இருந்த பெயரைப் படித்து, இரண்டு பஸ் மாறி, கடை கடையாகப் படத்தைக் காட்டி விசாரித்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

பொறுக்கிப் பயல், படத்தில் தொட்டியைக்கூட அழிக்கவில்லை. எதற்கு அழிக்க வேண்டும்? அடி வாங்கப் போவது அவனா?

 

அந்தப் படத்தை இசக்கியம்மாளின் மகள்தான் எடுத்தாள். கம்பெனி அடையாள அட்டைக்கு வேண்டும், கடையில் ஒரு பென்சில் பெட்டி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக ஒரு படம் அனுப்புங்கள் அக்கா என்று அவன் போனில் தேனாகப் பேசியிருந்தான். பெட்டி வாங்கியதும் அவள் காசில்தான். வேலை கொடுக்கிறவன் எதற்கு நம்மிடம் காசு கேட்கிறான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. வேலை கிடைத்துவிட்டதே என்றிருந்தது.

அந்தச் சிரிப்பு நடிப்பில்லை.

அதுதான் வினை.

வந்தவள் கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். படத்தில் இருக்கிற கம்மலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

இசக்கியம்மாள் தலையைத் திருப்பிக் காதைக் காட்டினாள். ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

வந்தவளின் காதிலும் அதுதான் இருந்தது.

அதைப் பார்த்தும் பிடியை விடவில்லை. கள்ளி, ஊரை ஏய்க்க வேஷம் போடுகிறாள் என்றாள். செல்லக்கனி ஆமாம் போட்டாள்.

இசக்கியம்மாள் குரலை உயர்த்தவில்லை.

“பென்சில் பொட்டியோட ஒங்கிட்டயும் போட்டோ கேட்டானா?”



கேட்டிருக்கிறான். வந்தவளும் அனுப்பியிருக்கிறாள். முகத்திலேயே தெரிந்தது.

“அதுல ஒனக்குப் பின்னால என்ன தெரியுது?”

வந்தவள் ஒற்றைக் கையாலேயே போனைத் தள்ளித் தள்ளித் தேடினாள். படம் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்க்க இன்னொரு கையும் வேண்டியிருந்தது.

கொண்டையை விட்டாள்.

அந்தப் படத்திலும் ஒருத்தி பென்சில் பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வீட்டு கேட். கேட்டில் மாமனார் பெயர், கதவு எண், தெரு, ஊர்.

இசக்கியம்மாள் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் மனம் வரவில்லை.

வந்தவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஊருக்குத் திரும்ப அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.