தடைப் பலகை சுமந்த தூண்டில்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏகாம்பரத்தின் மூங்கில் தூண்டில் ஆற்றங்கரையில்தான் இருக்கும். அந்த ஆண்டு முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து ஏறி வந்த கெண்டைகள் மிகவும் குறைவு. அதனால் பொழுதுபோக்குக்காக யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊரில் முடிவானது. ஏகாம்பரம் தூண்டிலைச் சுவரில் மாட்டிவிட்டார்.

"நான் என்ன வயிற்றுக்காகவா பிடிக்கிறேன்? பிடித்து, அழகு பார்த்து, திரும்ப விட்டுவிடுகிறேன்" என்று தூண்டில் புலம்பியது.

"உன் வாயில் முள்ளை மாட்டி ஒரு தடவை அழகு பார்க்கணும்" என்றது தூண்டில் நரம்பில் தொங்கிய தக்கை.

"சும்மா மிதக்கிறவனுக்கு என்ன தெரியும்? நான் போகாவிட்டால் அந்த ஆற்றுக்குப் பொழுதே போகாது."

மறுநாள் ஏகாம்பரம் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். "பார்த்தாயா?" என்று தூண்டில் வழி நெடுகத் தக்கையிடம் பெருமையடித்தது.

கரையில் அவர் தக்கையையும் முள்ளையும் கழற்றிப் பையில் போட்டார். மூங்கிலைச் சேற்றில் ஊன்றி, அதன் நுனியில் ஒரு பலகையைக் கட்டினார். 'இங்கே மீன் பிடிக்காதீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

தூண்டிலுக்கு மானமே போயிற்று. ஆனாலும் கெண்டை ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு வருவதைக் கண்டதும் அதற்கு மனம் கேட்கவில்லை.

"அக்கா, பயப்படாதே. உன் நல்லதுக்குத்தான் எழுதியிருக்கிறது. கொஞ்சம் கிட்டே வந்து படி" என்று அன்பாகக் கூப்பிட்டது.

கெண்டை நிற்கவில்லை.

"போன வருஷமும் இப்படி அன்பாகத்தான் கூப்பிட்டாய், தம்பி" என்று சொல்லிவிட்டு, எதிர்க்கரை ஓரமாக மேலே ஏறிப் போனது.