காத்து மெஷின் சொன்ன சாட்சி

விமல்ராஜ் பின்வாசல் வழியா உள்ளே வந்தாலே போதும், மெஷின்ல சிவப்பு லைட்டு எரிஞ்சுடும்.

வேங்கிக்கால்ல புது வீடு. ஆறு வயசுப் பொண்ணு சினேகாவுக்கு வீசிங். காத்துல முடியைவிடச் சன்னமான தூசி இருக்குது, அது நெஞ்சுக்குள்ள போய் உட்கார்ந்துக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மறுநாளே அவ அப்பா அருண்பிரசாத் காத்தைச் சுத்தம் பண்ற மெஷினை வாங்கிட்டு வந்துட்டார். காத்து நல்லா இருந்தா பச்சை, கெட்டுப்போனா சிவப்பு.

மலை தெரியிற ஜன்னலைக்கூட டேப் போட்டு ஒட்டியாச்சு. சாமிக்கு ஊதுபத்தி கிடையாது. வீட்டுல ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. குப்பையை யாரையும் தொட விடமாட்டார். தினம் சாயங்காலம் அவரே எடுத்துட்டுப் போவார். அப்படியே நாலு தெரு நடந்துட்டு வேர்வையோட திரும்புவார். மெஷின் பச்சை காட்டும். அவருக்கு அதுல ஒரு பெருமை.

மெஷின் சங்கதி தெருவெல்லாம் பரவிடுச்சு. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் புருஷனைக் கையோட இழுத்துட்டு வந்துட்டா.

"குடிக்கலைன்னு சத்தியம் பண்றாருண்ணா. உங்க மெஷின் எதிர்ல ஊதச் சொல்லுங்க."

பிரகாஷ் ஊதினார். சிவந்துச்சு. அதோட அந்தக் கூடமே கோர்ட்டாயிடுச்சு.

உமாசங்கர் குருக்கள் விபூதி கொண்டுவந்து குழந்தை நெத்தியில பூசி, கண்ணுல விழாம மெல்ல ஊதிவிட்டார். அதுக்கும் சிவப்பு. யாரும் யாரையும் பார்க்கலை. குருக்கள்தான், "எதுக்கும் நான் வாசல்லயே நின்னுக்கிறேன்"னு நகர்ந்துட்டார்.

அப்பேர்ப்பட்ட மெஷின் தினம் சாயங்காலம் விமல்ராஜைக் காட்டிக்கொடுத்தா யார்தான் நம்பமாட்டாங்க?

விமல்ராஜ் வேற யாருமில்லை, அருண்பிரசாத்தோட மச்சினன். அடி அண்ணாமலையிலேர்ந்து வேலை தேடி வந்து அக்கா வீட்டுல தங்கியிருக்கான். பீடியா சிகரெட்டான்னு அக்கா கவிநிலா கெஞ்சிக்கூட கேட்டுப் பார்த்துட்டா. சும்மா பின்னாடி போயிட்டு வந்தேன்னு சொல்வான். அதுக்கு மேல வாயைத் திறக்கமாட்டான்.

அன்னைக்கு வீடு ஒழிக்கிற நாள். மெஷின் வந்த பொட்டிகூட இடத்தை அடைக்குதுன்னு வெளியே போயிடுச்சு. வீடு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆனா விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. கவிநிலா அவளை மடியில போட்டுக்கிட்டு வாயில மருந்துப் பம்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

பின்கதவு திறந்துச்சு. விமல்ராஜ். மெஷின் சிவந்துச்சு.

அருண்பிரசாத் எழுந்துட்டார். இங்க என் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிறா, உனக்குப் புகை கேட்குதா, பையை எடுத்துக்கிட்டு இப்பவே ஊருக்குக் கிளம்புன்னுட்டார். கவிநிலா குழந்தை முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா.

சத்தம் கேட்டு வந்த கன்னியம்மாள், புருஷனைச் சோதிச்சுப் பழகின கையாச்சே, "முதல்ல சட்டைப் பையைப் பாருங்கண்ணா"ன்னு அடி எடுத்துக் கொடுத்தா.

பையில ஒரு தீப்பெட்டி.

"இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?"ன்னார் அருண்பிரசாத்.

விமல்ராஜுக்கு முழங்கை வரைக்கும் ஈரம். சட்டையெல்லாம் சாம்பல். குழந்தை இருமுச்சு. அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"அது உங்க தீப்பெட்டிதான் மாமா. பின்னாடி காலி மனையில குப்பையைக் கொளுத்திட்டு அங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. புகை பாப்பா ரூமுக்கு வருதுன்னு தினம் தண்ணி ஊத்தி அணைச்சுட்டு வரேன். உங்க வீட்டுச் சோறு தின்னுக்கிட்டு உங்களையே எப்படிச் சொல்றதுன்னுதான்..."

கூடத்துல மெஷின் சிவப்பு மாறாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. விமல்ராஜ் அதைக் கைகாட்டினான்.

"இன்னைக்குத்தான் மாமா கொஞ்சம் லேட்டாயிடுச்சு. இது வந்த தெர்மாகோல் பொட்டி, லேசுல அணையலை."