பாலுவின் பங்கு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கூட வேலை பார்க்கும் மணிமேகலை அக்கா மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அக்காவின் தம்பி பாலுவும், நவநீதன் என்கிற நண்பனும் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். பதினோரு மாத அக்ரிமெண்ட். இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது முடியும் முன்பே, துவாக்குடி பக்கம் பாலு வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரான மருங்காபுரிக்கே போய்விட்டான்.

"வந்தவன் ரூமை விட்டு வெளிய வரல. குளிக்கிறதில்ல, சரியா சாப்பிடறதில்ல. செவுத்தையே பார்த்துக்கிட்டுக் கிடக்கான். பயந்துபோயி ஆள் மாத்தி ஆள் காவல் இருக்கோம். இந்த நேரத்துல அந்த நவநீதன் தினம் போன் பண்றான்."

"எதுக்குக்கா?"

"வாடகைக்கு. 'நீயும்தானே கையெழுத்துப் போட்ட? உன் பங்கை எப்பத் தரப்போற?' காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பாலு எடுக்கலைன்னா எனக்கு அடிப்பான்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"கெஞ்சினேன். 'தம்பி, அவன் இருக்கிற நிலைமை உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள் விடுங்க'ன்னேன். 'அதெல்லாம் அவன் பேசட்டும், போனை அவன்கிட்ட குடுங்கக்கா'ங்கறான்."

அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"சனியன் ஒழியட்டும்னு வளையலை அடகு வச்சு மொத்தத்தையும் ஜிபே பண்ணேன். உடனே திருப்பி அனுப்பிட்டான். 'உங்க காசு வேணாம்க்கா. அவனே சம்பாதிச்சு, அவனே வந்து என் கையில தரணும்'ங்கறான். ஒண்ணா ஒரே தட்டுல சாப்பிட்டவன்."

"பாலு என்ன சொல்றாரு?"

அக்கா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார்.

"'இந்தப் பாக்கி மட்டும் இல்லைன்னா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்க்கா. கடன்காரனா சாகக்கூடாதுன்னுதான் இருக்கேன்'ங்கறான். போன வாரம் எந்திரிச்சு மணப்பாறை சந்தைக்குப் போனான், மாட்டை வண்டியில ஏத்துற வேலைக்கு. ரெண்டு நாள்தான். மறுபடி படுத்துட்டான். டிகிரி படிச்ச பிள்ளைய அந்தப் பாவி எப்படி ஆக்கிட்டான் பாரு."

எனக்குப் பயமாக இருந்தது. நானும் ஒரு தோழியோடு பாதி வாடகையில் இருப்பவள்தான். ஒருத்தி பாதியில் போனால் மற்றவளே முழுசாகக் கட்ட வேண்டுமா? இதை எழுதுவதற்கு முன் பாலு இருந்த வீட்டு ஓனர் ரெங்கம்மாளிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

"பாலு பங்கா?" என்றார் அவர். "அப்படி எந்தப் பாக்கியும் இல்லையேம்மா. அவர் ஊருக்குப் போன அந்த வாரமே நவநீதன், சேக் மைதீன்னு வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பாதி வாடகைக்கு வச்சுக்கிட்டாரு. பாலு பேரை எடுத்துட்டு அக்ரிமெண்டையும் அன்னைக்கே மாத்தி எழுதியாச்சு."