இடதுகை மவுஸ்

"என் புள்ள இடதுகைக்காரன். மவுஸு ரெண்டு கைக்கும் ஒத்து வராப்பல குடு தம்பி" என்றாள் மல்லிகா.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சந்திரன் எத்தனையோ அம்மாக்களைப் பார்த்தவன். பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பெருமூச்சு விடுகிற ரகம் அவர்கள். கேம் ஆடுவதற்கென்று மிஷின் பூட்ட வந்து, ஒவ்வொரு பாகத்தையும் தானே பொறுக்கி எடுக்கும் அம்மாவை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"ராம் எட்டு ஜிபி ஒன்னு போட்டுடலாமா அக்கா?"

"ஒன்னு வேணாம். நாலு நாலா ரெண்டு போடு. கேம் சிக்காம ஓடும்."

"மானிட்டர் பெருசா எடுத்துக்கறீங்களா?"

"சின்னதே போதும். அதுல மிச்சம் புடிச்சு பவர் சப்ளை நல்லதா போடு. எங்க பிச்சாட்டூர் கரண்டு ஒரு நேரம் கீற மாரி ஒரு நேரம் கீதா?"

சந்திரன் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தான். பாதி விலைதான், புதுசு மாதிரியே இருக்கும் என்றான். மல்லிகா அதைத் திருப்பிப் பார்த்து, விசிறியை விரலால் சுற்றிவிட்டு, மூக்கருகே கொண்டுபோனாள்.

"கருகின வாசன வருது தம்பி. சின்னதா இருந்தாலும் புதுசே குடு."

"எப்படிக்கா இதெல்லாம் கத்துக்கினீங்க?"

குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டில் யூசுப் என்று ஒரு பையன். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவனுக்கு மிஷின் பூட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்து, எது எதற்கு என்று கேட்டுக் கேட்டுப் பழகியது. லீவில் ஊருக்குப் போகும்போது தன் பிள்ளைக்கும் ஒன்று பூட்டித் தரவேண்டும் என்று அப்போதே மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் பிள்ளை ஹரிபாபு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒன்றாங்கிளாஸ் சேர்ந்த வருஷம் அவனைத் தன் அக்கா ரத்தினம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். இப்போது மீசையும் காலேஜுமாக இருக்கிறான். வீடியோ காலில் பேசினால் பாதி நேரம் யூசுப் நடுவில் புகுந்து பழிப்புக் காட்டுவான். இவன் "சரிங்க" என்று வைத்துவிடுவான்.

பெரியம்மாவை 'நீ' என்கிறவன், பெற்றவளை 'நீங்க' என்கிறான். ஊருக்கு வந்த நாளிலிருந்து அது அவள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. திரும்பிப் போவதற்குள் ஒரே ஒரு தடவை 'நீ' என்று சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கித்தான் அவனை இந்தக் கடைக்கே அழைத்து வந்திருந்தாள்.

"இன்னாடா, கேபினெட்டு எது புடிச்சிருக்கு?"

"இவ்ளோ வேணாங்க. காலேஜுக்கு சாதாரணமா ஒன்னு இருந்தா போதும்."

"சும்மா இருடா. உனக்கு எது புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, சந்திரன் பக்கம் திரும்பினாள். "கலர் லைட்டு எரியறதா குடு தம்பி. இவனுக்கு இருட்டுன்னா பயம்."

சந்திரன் மீசைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். ஹரிபாபு சிரிக்கவில்லை.

"கீபோர்டு தண்ணி பட்டா கெட்டுப் போவாததா பாரு. ஆடிக்கினே ஜூஸு குடிப்பான், மேல ஊத்திக்குவான். ஹெட்போனு பெருசா இருக்கட்டும். சின்னதா இருந்தா காது வலிக்குதுன்னு கயட்டிக் கடாசிடுவான்."

"தம்பி, அம்மான்னா இப்படி இருக்கணும். உன்னப் பத்தி ஒன்னு விடாம தெரிஞ்சு வெச்சுக்கினு கீறாங்க பாரு!" என்றான் சந்திரன்.

மல்லிகாவுக்கு முகம் பூரித்துப் போயிற்று. கடல் தாண்டிப் போனவள் பெற்ற பிள்ளையையே மறந்துவிட்டாள் என்று ஊரில் பேசின வாய்களையெல்லாம் கூட்டி வந்து இங்கே நிறுத்த வேண்டும் போலிருந்தது. பாவி ஜனங்கள், என்னென்ன பேச்சுப் பேசினார்கள்!

சந்திரன் வாரண்டி அட்டையை நீட்டினான். இடதுகையில் பிடித்திருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஹரிபாபு பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தான். மல்லிகா அதைக் கவனிக்கவில்லை; விசிறியின் திசை சரியாக இருக்கிறதா என்று கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பூட்டி முடித்து, சந்திரன் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை ஓடவிட்டான். நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. மல்லிகா மவுஸை முந்தானையால் ஒரு துடை துடைத்து, தன் கையாலேயே கீபோர்டுக்கு இடப்பக்கம் வைத்தாள்.

"வா, ஒக்காரு. ஆடிப் பாருடா."

ஹரிபாபு வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அந்த மவுஸையே பார்த்தான். பிறகு அதை எடுத்து வலப்பக்கம் வைத்தான்.

"இன்னாடா அந்தாண்ட வெக்கற? உனக்கு இந்தக் கைதானே?"

அவள் ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

"இடதுகைக்காரன் உன் யூசுப்தாம்மா. நான் இல்ல."