ஜாக்கெட் போட்டவங்க மட்டும்

“வேணாம்பா, பட்டுப்புடவை கசங்கிடும்,” என்று மட்டன் பிரியாணி குண்டானை ஏரிக்கரையில் இறக்கிவைத்தபடியே லைஃப் ஜாக்கெட்டைத் தள்ளிவிட்டாள் செல்வகுமாரி.

“நான் குருவிநத்தம் ஆத்துலயே நீச்சல் அடிச்சவன். இந்த ஏரிக்குப் போயி இன்னாத்துக்கு ஜாக்கெட்டு?” என்றான் அவள் கணவன் ராஜ்மோகன்.

“ஜாக்கெட் போட்டவங்களைத்தான் ஏத்துவேன்,” என்றார் படகோட்டி அந்தோணிசாமி.

ஆடுகிற படகைப் பார்த்ததும் செல்வகுமாரி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏங்க, ஒரு ஜாக்கெட்டை வாங்கி மாட்டி வுடுங்க. தண்ணியில வுழுந்தா அவ்ளோதான்! பெல்ட்டை நல்லா இறுக்குங்க.”

ராஜ்மோகன் மாட்டி, இறுக்கி, படகின் நடுவில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டுக் கரைக்கு வந்தான். அவன் செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் படகு கிளம்பிவிட்டது.

“யோவ், நாங்க இன்னும் ஏறலியே!” என்று அலறினாள் செல்வகுமாரி.

“ஜாக்கெட் போட்டவங்க ஏறியாச்சும்மா!”

அந்தோணிசாமிக்கு எதிரே, லைஃப் ஜாக்கெட்டோடு ஜம்மென்று உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது மட்டன் பிரியாணி குண்டான்.